எலி கடித்த கடற்பஞ்சு

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் குன்னூர்ச் சரிவில் இருக்கும் பழைய ஓட்டு வீடுகளுக்குள் எலி வராமல் இருக்காது. வெளியே குளிரும் ஈரமும் ஏற ஏற, அடுப்புச் சூடு தங்கும் இடமாகப் பார்த்து ஓட்டுக்கும் பலகைச் சீலிங்குக்கும் நடுவில் அது குடியேறிவிடும். இரவு பத்து மணிக்கு மேல் தலைக்கு நேர் மேலே யாரோ கோலி உருட்டுவது போலச் சத்தம் கேட்கும். இதெல்லாம் எங்களுக்குப் பழகிப்போனவை. ஆனால் இந்த ஆண்டு வந்த எலி, அரிசி மூட்டையையும் உருளைக்கிழங்குக் கூடையையும் விட்டுவிட்டு, குளியலறை அலமாரியில் இருந்த கடற்பஞ்சின் மேல் கைவைத்தது. இந்தப் பதிவுக்குக் காரணம் அதுதான்.

அது கடைகளில் விற்கும் நுரைப்பஞ்சு அன்று. கப்பலில் எஞ்சினியராக இருந்த என் அண்ணன் பல ஆண்டுகளுக்கு முன் கிரேக்க நாட்டுத் துறைமுகம் ஒன்றில் வாங்கிவந்த, உண்மையிலேயே கடலுக்கடியில் வளர்ந்த பஞ்சு. தேன் நிறத்தில், இரண்டு கைகளையும் குவித்தால் கொள்ளும் அளவில் இருந்த அதைத் தேய்த்துக் குளிக்க மனம் வராமல் அலங்காரத்துக்கே வைத்திருந்தோம். ஒரு நாள் காலையில் பார்த்தால் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு துண்டு மட்டும் மிச்சமிருந்தது. அலமாரியிலிருந்து சன்னல் வரைக்கும் நார் நாராகச் சிந்திக் கிடந்தது. மீதியைச் சீலிங்கின் மூலையில் கண்டுபிடித்தோம். கிழித்த செய்தித்தாள், என் பழைய ஸ்வெட்டரின் நூல், அவற்றின் நடுவே கிண்ணம் போலக் குழித்து வைத்த கடற்பஞ்சு நார் என்று மிகவும் நேர்த்தியான கூடு. குட்டி இன்னும் போட்டிருக்கவில்லை.

தீபாவளி விடுமுறைக்குக் கோவையிலிருந்து வந்திருந்த அண்ணன் மகள் முதுகலை விலங்கியல் படிக்கிறாள். ஏணியின் மேல் நின்று டார்ச் அடித்துக் கூட்டைப் பார்த்தவள், "சித்தப்பா, ஒரு விலங்கோட எலும்புக்கூட்டைப் பிச்சு இன்னொரு விலங்கு மெத்தை போட்டிருக்கு" என்றாள். வங்கிக் கணக்குகளோடு முப்பத்தைந்து ஆண்டுகளைக் கழித்த எனக்கு அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது. அவள் ஊருக்குத் திரும்பும் வரை இரவுச் சாப்பாட்டு நேரம் முழுவதும் எலியும் கடற்பஞ்சும்தான் பேச்சு.

பள்ளியில் 'துளையுடலிகள்' என்ற தலைப்பை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியவன்தான் நானும். இருந்தும் கடற்பஞ்சு ஒரு விலங்கு என்பதை மனம் உள்ளபடி ஏற்றதில்லை. இதில் நான் தனியாளும் இல்லை. பஞ்சு எடுக்கக் கடலில் மூழ்குபவர்கள், பிடுங்கக் கை வைத்தால் அது தன்னை இறுக்கிக்கொள்கிறது என்று சொன்னதை அரிஸ்டாட்டில் எழுதிவைத்தார். அதை மறுத்தவர்களும் இருந்தார்கள் என்பதையும் அவரே குறித்துவைத்தார். அதன் பிறகு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் அது செடியா விலங்கா என்ற வழக்கு தீராமலே கிடந்தது. 1825-ஆம் ஆண்டு வாக்கில் எடின்பரோவில் ராபர்ட் கிராண்ட் என்பவர், கடல்நீர் ஊற்றிய கடிகாரக் கண்ணாடியில் உயிருள்ள பஞ்சின் சிறு கிளையொன்றை இட்டு, நுண்ணோக்கியில் பொறுமையாகப் பார்த்தார். அதன் பெரிய துளையிலிருந்து நீர் இடைவிடாமல் பீறிட்டு வருவதையும், அந்த நீரோடு துகள்கள் வெளியே தள்ளப்படுவதையும் கண்டார். எந்த அசைவும் இல்லாமல் கிடப்பதாக எல்லோரும் நினைத்த பொருளுக்குள் ஓர் ஆறு ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது எனக்கு முதன்மையாகப் படுவது இதுதான்: எலி தன்னை உணவிடம் கொண்டுபோகிறது; கடற்பஞ்சு கடலைத் தன்னிடம் வரவழைக்கிறது. இரண்டுக்கும் இடையில் நாம் காணும் மற்ற வேற்றுமைகளில் பெரும்பாலானவை இந்த ஒன்றிலிருந்தே கிளைத்தவை என்று நினைக்கிறேன்.

உணவைத் தேடிப் போகும் உயிருக்கு எத்தனை எத்தனை வேண்டியிருக்கிறது பாருங்கள். எங்கள் சீலிங்கில் இருப்பது வீட்டெலி. இந்தியத் துணைக்கண்டத்தில் தோன்றிக் கப்பலேறி உலகம் முழுவதும் பரவிய இனம். உடலைவிட வால் நீளமாக இருப்பதை வைத்து அடையாளம் காணலாம். மின்கம்பியின் மேல் நடக்கும்போது விழாமல் காப்பது அந்த வால்தான். இருட்டில் சுவரைத் தடவிப் பார்க்க, வினாடிக்குப் பல முறை முன்னும் பின்னும் ஆடும் மீசை வேண்டும். நேற்று எங்கே உணவு கிடைத்தது, எங்கே பூனை உட்கார்ந்திருந்தது என்பதை வைத்துக்கொள்ள மூளை வேண்டும். இவ்வளவையும் சூடாகவும் தயாராகவும் வைத்திருக்க நிமிடத்துக்கு முந்நூறு முறைக்கு மேல் துடிக்கும் இதயம் வேண்டும். அந்த இதயத்துக்குத் தீனி போட மறுபடியும் ஓட வேண்டும். ஓடுவதற்காகத் தின்று, தின்பதற்காக ஓடி, வீட்டுக்கு வெளியே இருந்தால் பெரும்பாலும் ஓராண்டுக்குள் அதன் கணக்கு முடிந்துவிடுகிறது.

கடற்பஞ்சுக்கு வாய் இல்லை, வயிறு இல்லை, இதயம் இல்லை, தசை இல்லை, ஒரு நரம்பு கூட இல்லை. உடல் முழுவதும் நுண்துளைகள். அவற்றின் வழியே உள்ளே போகும் நீர், கால்வாய்களில் பிரிந்து, சிறு சிறு அறைகளை அடைகிறது. அறைச் சுவர் நெடுகக் காலர் செல்கள். ஒவ்வொன்றின் தலையிலும் மெல்லிய இழைகளால் ஆன வேலி போன்ற வட்டம், அதன் நடுவில் சவுக்குப் போல் ஆடும் ஒரு கசையிழை. இந்தக் கசையிழைகள் ஒன்றோடொன்று ஒத்து ஆடுவதில்லை என்று அண்ணன் மகள் சொன்னபோது நான் முதலில் நம்பவில்லை. தாளம் போட ஆளில்லாத பஜனைக் கோஷ்டி எப்படி ஒரே பாட்டைப் பாடும்? பாட வைப்பது கால்வாய்களின் அமைப்பு. இலட்சக்கணக்கான அறைகளின் மொத்த அகலம் மிகப் பெரிது. ஆகவே அங்கே நீர் ஊர்ந்து போகிறது, காலர் வேலிகள் பாக்டீரியாக்களைச் சலித்து எடுக்க அவகாசம் கிடைக்கிறது. வெளியேறும் துளையோ குறுகியது; வாய்க்காலில் சோம்பலாக வந்த தண்ணீர் மதகில் வேகம் பிடிப்பது போல, அங்கே அது பாய்ந்து, சலித்த நீர் மறுபடியும் உள்ளே வராத தொலைவுக்குப் போய்விடுகிறது. இப்படி ஒரு நாளில் தன் உடற்பருமனைப் போல ஆயிரக்கணக்கான மடங்கு நீரைச் சலித்துவிடும் பஞ்சுகள் இருக்கின்றன. இருந்த இடத்தை விட்டு ஓர் அங்குலம் நகராமல் செய்யும் இந்த வேலையை 'சும்மா கிடப்பது' என்று சொல்லிக்கொண்டிருந்தோமே என்று எனக்குச் சற்று வெட்கமாகவும் இருந்தது.

கால்வாயில் சேறு அடைத்துக்கொண்டால் பஞ்சு தும்மவும் செய்யும். உடல் மெதுவாக உப்பி, பிறகு சுருங்கி, அடைப்பை வெளியே தள்ளுகிறது. ஒரு தும்மல் முடிய அரைமணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். அந்த நேரத்துக்குள் எங்கள் எலி சீலிங்கின் நான்கு மூலைகளையும் எத்தனை முறை சுற்றியிருக்கும் என்று எண்ணிப் பார்த்துக்கொண்டேன். ஆழ்கடலில் வாழும் கண்ணாடிப் பஞ்சு ஒன்றின், மீட்டர் கணக்கில் நீளும் சிலிக்கா முள்ளை ஆராய்ந்தவர்கள் அதன் வயதைச் சுமார் 11,000 ஆண்டுகள் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். குளிக்கும் பஞ்சுக்கு அந்த முட்கள் கிடையாது; அதன் எலும்புக்கூடு முழுவதும் ஸ்பாஞ்சின் என்ற நார்ப் புரதத்தால் ஆனது. அதனால்தான் நம் தோலுக்கு அது மெத்தென்று இருக்கிறது. எலிக்கும் மெத்தைக்கு ஆயிற்று. கடலில் இருக்கும்போது கறுப்புத் தோலும் வழவழப்பான சதையுமாக இருப்பதை, அழுகவிட்டு, அடித்துத் துவைத்து, நார்க்கூட்டை மட்டும் எடுத்து விற்கிறார்கள். ஆக என் அண்ணன் காசு கொடுத்து வாங்கிவந்தது ஒரு பிணத்தின் எலும்பு என்பதில் ஐயமில்லை. இதை என் மனைவியிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

இனி கடியைப் பற்றி. மிச்சமிருந்த துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அலமாரியின் மர விளிம்பில் இரட்டை இரட்டையாகச் சின்ன உளி இறங்கிய தடங்கள்; பஞ்சின் நார்கள் கத்தரியால் நறுக்கியது போல நேர்கோட்டில் அறுபட்டிருந்தன. எலியின் வெட்டுப்பற்கள் நான்கும் வாழ்நாள் முழுவதும், வாரத்துக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் என்று வளர்ந்துகொண்டே இருப்பவை. கடினமான எனாமல் முன்பக்கத்தில் மட்டுமே இருப்பதால் பின்பக்கம் சீக்கிரம் தேய்ந்து, பல் தானாகவே உளி போலக் கூர்மையாகிவிடுகிறது. சாணை பிடிக்கும் வேலை கடிக்கும் வேலையிலேயே அடங்கிவிட்டது. எனக்கு இதைவிட வியப்பைத் தந்தது உதடுதான். கொறிக்கும்போது எலி தன் உதடுகளை வெட்டுப்பற்களுக்குப் பின்னால் மடித்து வாயை மூடிக்கொள்ள முடியும். பற்கள் வெளியே வேலை செய்யும், சீவல்கள் வெளியே உதிரும், ஒன்றும் தொண்டைக்குள் போகாது. மரத்தையும் மின்கம்பியுறையையும் ஈயக் குழாயையும் கடிக்கும் எலி அவற்றைத் தின்பதற்காகக் கடிப்பதில்லை.

இந்த இடத்தில் அண்ணன் மகள் எழுந்துபோய்ப் பூசையறையிலிருந்து ஒரு சங்கை எடுத்துவந்தாள். என் அம்மா இராமேசுவரம் போனபோது வாங்கியது. புழு அரித்த சங்கு என்று கடைக்காரர் விலையைக் குறைத்துக் கொடுத்ததாக அம்மா பெருமையாகச் சொல்வார். வெளிச்சுற்று முழுவதும் கோலப்பொடிச் சல்லடை போலக் குண்டூசித் தலை அளவில் வட்ட வட்டமான துளைகள். விளிம்பு உடைந்த இடத்தில் உள்ளே பார்த்தால் ஓட்டின் கனத்துக்குள்ளேயே தேன்கூடு போல அறைகள் குடைந்திருக்கின்றன. இத்தனை ஆண்டுகளாகத் தினமும் கண்ணில் பட்ட பொருள். "இது புழு இல்ல சித்தப்பா. இதுவும் கடற்பஞ்சு செஞ்ச வேலைதான்" என்றாள்.

குடையும் பஞ்சுகள் என்று ஒரு கூட்டம் இருக்கிறது. மன்னார் வளைகுடாவில் முத்துச்சிப்பியையும் சங்கையும் பவளப்பாறையையும் துளைப்பவை. பல் இல்லாத, நரம்பில்லாத, தசையில்லாத ஓர் உயிர் சுண்ணாம்பு ஓட்டை எப்படிக் குடையும்? அதன் விளிம்பில் இருக்கும் சில செல்கள் மெல்லிய படலம் போன்ற கையை நீட்டி, ஓட்டின் மேற்பரப்பில் வட்டமாகப் பதித்து, அமிலத்தைச் சுரந்து, அந்த வட்டத்தின் ஓரத்தை மட்டும் கரைத்துக்கொண்டே உள்ளே இறங்குகின்றன. முழு ஓட்டையும் கரைக்க வேண்டிய அவசியம் இல்லை. பப்பாளியில் கரண்டியால் கோதி எடுப்பது போல, ஓரம் அறுந்ததும் நடுவிலிருக்கும் நுண்ணிய சில்லு பெயர்ந்து வந்துவிடுகிறது. அந்தச் சில்லைப் பஞ்சு தின்பதில்லை. கால்வாயில் விட்டு, போகும் நீரோடு சேர்த்துப் பெரிய துளை வழியே வெளியே துப்பிவிடுகிறது. சில பவளத்திட்டுகளில் படிந்திருக்கும் மென்சேற்றில் கணிசமான பங்கு இப்படித் துப்பிய சில்லுகள்தாம்.

சாப்பாட்டு மேசையின் மேல் ஒரு பக்கம் எலி கடித்த பஞ்சும் மறுபக்கம் பஞ்சு கடித்த சங்கும் இருந்தன. ஓடும் உயிருக்கும் ஓடாத உயிருக்கும் இடையில் ஒற்றுமை தேடினால் அது இப்படி ஓர் இடத்தில் கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இரண்டுமே குடியிருக்க இடம் பண்ணத்தான் கொறிக்கின்றன. ஒன்று உதட்டை மடித்துச் சீவலை வெளியே உதிர்க்கிறது. மற்றொன்று நீரோட்டத்தில் விட்டு வெளியே தள்ளுகிறது. கட்டட வேலைக்கு வந்த ஆள் கல்லும் மண்ணும் தின்னாமல் கூலிக்குச் சோறு தின்பது போலத்தான். சங்கைத் திருப்பித் தட்டினால் இப்போதும் கொஞ்சம் வெள்ளைப் பொடி உதிர்கிறது. அது பஞ்சு விட்டுப்போன பொடியா, ஓடு நொறுங்கிய பொடியா என்று எங்கள் வீட்டு உருப்பெருக்கியால் சொல்ல முடியவில்லை.

இன்னோர் உறவும் உண்டு. ஸ்பாஞ்சின் என்பது கொலாஜன் குடும்பத்துப் புரதம். நம் தோலிலும் தசைநாணிலும் இருப்பதும் கொலாஜன்தான். செல் வளர்க்கும் ஆய்வகங்களில் தட்டுக்குப் பூசுவதற்கு வழக்கமாக வாங்கும் கொலாஜன் எலி வாலின் தசைநாண்களிலிருந்து எடுக்கப்படுவது. அதாவது எங்கள் சீலிங்கில் வாலைச் சுருட்டிக்கொண்டு படுத்திருந்த எலியின் வாலுக்குள் இருந்த நாரும், அது படுத்திருந்த மெத்தையின் நாரும் ஒரே கொடிவழி. 2010-இல் ஆஸ்திரேலியப் பவளத்திட்டுப் பஞ்சு ஒன்றின் மரபணுத் தொகுதியைப் படித்து வெளியிட்டபோது, நரம்பு செல்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் சந்திப்பில் இருக்கும் புரதங்களுக்கான மரபணுக்கள் பலவும் நரம்பே இல்லாத அதனிடம் இருப்பது தெரியவந்தது. செய்தி கேள்விப்பட்ட அன்று எனக்கு இது ஒரு புதிர் போல மட்டும் இருந்தது. இப்போது, தச்சன் வருவதற்கு முன்பே மரம் வந்து இறங்கிவிட்டது என்று புரிந்துகொள்கிறேன்.

ஒற்றுமை அந்த அளவில் நிற்கிறது. 1907-இல் வில்சன் என்ற அமெரிக்க விலங்கியலாளர், உயிருள்ள பஞ்சைத் துண்டு துண்டாக்கி, மாவு சலிக்கும் மெல்லிய பட்டுத் துணியில் வைத்துப் பிழிந்தார். மறுபக்கம் கலங்கலாகத் தனித்தனிச் செல்கள் வந்து விழுந்தன. அவை ஊர்ந்தன, ஒன்றையொன்று தொட்டு ஒட்டிக்கொண்டன, உருண்டைகளாயின. சில நாட்களில் கால்வாயும் அறையும் துளையுமாக மறுபடியும் பஞ்சுகள் உருவாயின. எலியை இப்படிச் செய்து பார்க்க வேண்டிய தேவையே இல்லை. சட்டென்று விழும் பொறிக்கம்பி ஒன்று கழுத்தில் பட்டாலே போதும். எலிக்குள் எல்லாச் செல்களும் ஒரு மையத்தை நம்பி இருக்கின்றன. கடற்பஞ்சில் அப்படி ஒரு மையம் கிடையாது. அழிக்க முடியாத உயிர் எது என்று கேட்டால் எல்லோரும் எலி என்றுதான் சொல்வோம். தனி எலியை வைத்துப் பார்த்தால் அது மிகவும் உடைந்துபோகக்கூடிய பொருள்.

உடைந்துபோவதிலும் அது நம்மை ஒத்திருப்பதால்தான் ஆய்வகங்களில் நமக்குப் பதிலாக எலி நிற்கிறது. இதற்கு எங்கள் ஊரே சாட்சி. குன்னூர்ப் பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில் 1918-இல், வைட்டமின் குறைவால் வரும் பெரிபெரி நோய் பற்றிய ஆராய்ச்சியாகத் தொடங்கிய வேலை, ராபர்ட் மெக்கரிசன் தலைமையில் வளர்ந்து, 1928-இல் ஊட்டச்சத்து ஆராய்ச்சிக் கூடங்கள் என்ற பெயரைப் பெற்றது. இந்தியாவின் வெவ்வேறு பகுதி மக்கள் உண்ணும் உணவை வெள்ளை எலிகளுக்குத் தனித்தனிக் கூட்டமாகக் கொடுத்து வளர்த்துப் பார்த்தார் அவர். கோதுமை ரொட்டியும் பாலும் பருப்பும் காய்கறியும் கொண்ட சீக்கியர் உணவைத் தின்ற எலிகள் முதலிடத்தில் வந்தன. அரிசியே பிரதானமான நம் சென்னை மாகாணத்து உணவைத் தின்றவை கடைசியில் நின்றன. தமிழ்ச் சாப்பாட்டின் குறையைத் தமிழ் மலையில் எலி சொல்லிக் கொடுத்தது என்று என் அப்பா கிண்டலாகச் சொல்வதுண்டு. அந்த ஆய்வுக்கூடம் 1958-இல் ஐதராபாத்துக்குப் போய்விட்டது. எலி மட்டும் இங்கேயே இருக்கிறது என்று எழுத ஆசைதான். ஆனால் வெள்ளை எலி வேறு இனத்தின் வழிவந்தது, சீலிங்கில் ஓடுவது வேறு.

கடற்பஞ்சு நமக்குப் பதிலாக நிற்க முடியாது. அது தன் சரக்கைக் கொடுத்தது. ஓடி ஒளிய வழியில்லாத உயிர் வேதிப்பொருளை நம்பித்தான் பிழைக்க வேண்டும். 1950-களின் தொடக்கத்தில் கரீபியப் பஞ்சு ஒன்றில் வெர்னர் பெர்க்மன் கண்டெடுத்த, வழக்கத்துக்கு மாறான சர்க்கரையைக் கொண்ட மூலக்கூறுகளைப் பார்த்து வேதியியலாளர்கள் செய்த சைட்டரபின் என்ற மருந்து, 1969 முதல் இரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கப்பட்டு வருகிறது. மனித உடலுக்குள் போவதற்கு முன் அது சுண்டெலிகளின் இரத்தப் புற்றில் சோதிக்கப்பட்டது. கடலடியில் ஒருபோதும் சந்தித்திராத இருவரும் ஊசிமருந்துக் குப்பி ஒன்றில் சந்தித்துக்கொண்டார்கள். என் நண்பர் ஒருவரின் மகனுக்கு ஏறிய மருந்து அது என்பதால், இந்தப் பத்தியை மட்டும் நான் வேடிக்கையாக எழுத முடியாது.

எலியின் கதையையும் சொல்லிவிடுகிறேன். மருந்து வைக்கலாம் என்றார் பக்கத்து வீட்டுக்காரர். செத்த எலியைத் தின்னும் ஆந்தைக்கும் அது போய்ச் சேரும் என்பதால் நான் கூண்டையே நம்பினேன். புதிதாக முளைத்த எதையும் எலி சில நாள் சந்தேகத்தோடு தள்ளி நின்றுதான் பார்க்கும். மசால் வடையை மூன்று இரவுகள் தொடவில்லை. நான்காம் இரவு வர்க்கித் துண்டு வைத்தேன். விடிகாலையில் கதவு விழும் சத்தம் கேட்டது. ஓடைக்கு அப்பால், தேயிலை முடிந்து சோலை தொடங்கும் இடத்தில் கூண்டைத் திறந்துவிட்டு வந்தேன். அது ஒரு கணம் மீசையை ஆட்டிக் காற்றை முகர்ந்தது; பிறகு இருந்த இடம் தெரியவில்லை.

கூட்டைக் கலைத்து எடுத்த நார்களை அன்று மாலை ஒரு கிண்ணத் தண்ணீரில் போட்டுவைத்தேன். வில்சனின் கதையைக் கேட்ட பிறகு, செத்த எலும்புக்கூட்டிடம் அதை எதிர்பார்ப்பது மடமை என்று தெரிந்தேதான் போட்டேன். காலையில் பார்த்தபோது நார்கள் எல்லாம் தண்ணீரை இழுத்துப் பருத்து, தேன் நிறம் திரும்பி, ஒன்றையொன்று தொடாமல் மிதந்துகொண்டிருந்தன. என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, அது இரசம் ஊற்றும் கிண்ணம் என்றாள்.